பின் கிடங்கின் இடது மூலை

அந்தச் சரக்குக் கப்பலில் அவரைக் கடுகு என்றுதான் கூப்பிட்டார்கள். ஆறடி உயரம், கதவை அடைக்கிற தோள். இந்த ஆளுக்கு எதற்குக் கடுகு என்று பெயர் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் யோசிப்பார்கள். அரை நாள் போனால் போதும், யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது. எண்ணெய் காய்வதற்குள் வெடிக்கிற கடுகு அது. கயிற்றை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் வெடிப்பார். மாவு மூட்டையைக் கொக்கி போட்டு இழுத்தால் வெடிப்பார். டீயில் சர்க்கரை குறைந்தால் சமையல்காரரைப் பிடித்து உலுக்குவார். கூடினால், என்னைச் சீக்கிரம் அனுப்பிவைக்கப் பார்க்கிறாயா என்று அதற்கும் சண்டை. கேப்டன்கூட அவர் குரல் கேட்டால் ஒரு நிமிடம் அறைக்குள்ளேயே நின்று, இன்றைக்கு யார் மாட்டிக்கொண்டது என்று தெரிந்துகொண்டுதான் வெளியே வருவார்.

இவ்வளவையும் எல்லோரும் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. இருபத்தெட்டு வருடமாக அந்தக் கப்பலின் இரண்டு கிடங்குகளையும் அடுக்கியவர் அவர்தான். அந்தக் கப்பலுக்கு ஒன்பது தீவுகள். பதினெட்டு நாளில் ஒரு சுற்று. போகும்போது அரிசி, மாவு, சர்க்கரை, சிமென்ட், மண்ணெண்ணெய், சோப்பு, செருப்பு, பள்ளிக்கூட நோட்டு, கூரைத் தகரம் என்று ஒரு கடைத்தெருவையே வயிற்றில் சுமந்துகொண்டு போகும். வரும்போது கொப்பரையும் கருவாடும். பாதித் தீவுகளில் கப்பல் வந்து நிற்கத் துறையே கிடையாது. கரையிலிருந்து படகு வரும், கப்பல் மிதந்துகொண்டே சரக்கை இறக்க வேண்டும். அலை கொஞ்சம் ஏறினாலும் வேலை நின்றுவிடும். அந்த நேரத்தில் மூன்றாவது தீவின் சர்க்கரை ஏழாவது தீவின் சிமென்ட்டுக்கு அடியில் கிடந்தால் கதை முடிந்தது. அதனால் கடைசித் தீவின் சரக்கு முதலில் உள்ளே போக வேண்டும், அடியில். முதல் தீவின் சரக்கு கடைசியில், மேலே. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. கனமானது மேலே போனால் கப்பல் ஆடும். ஒரு பக்கம் கூடினால் சாயும். மண்ணெண்ணெய் பக்கத்தில் தின்கிற பொருள் வைக்கக் கூடாது. இத்தனையும் பார்த்து, எந்த மூட்டை எங்கே என்பதை ஒரு காகிதத்தில்கூட எழுதாமல் தலைக்குள்ளேயே வைத்திருந்தார் அவர். கண்ணைக் கட்டிக் கிடங்கில் இறக்கிவிட்டால், ஐந்தாவது தீவுப் பள்ளிக்கூடத்தின் சாக்பீஸ் பெட்டியைத் தடவி எடுத்துக்கொண்டு வருவார்.

வீட்டிலும் இதே வேலைதான். இரண்டு அறை வீடு, ஆறு அடிச் சமையலறை. கப்பலிலிருந்து வந்த மறுநாளே அலமாரியைக் காலி செய்து, தினம் எடுப்பது முன்னால், விருந்தாளி வந்தால் எடுப்பது பின்னால், வராத விருந்தாளியின் தட்டு அடியில் என்று அடுக்க ஆரம்பித்துவிடுவார். அவர் மனைவி ஒருநாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, கப்பலை அடுக்குங்கள், என் கரண்டியை விடுங்கள் என்று சொல்லி அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அந்த ஒரு இடத்தில்தான் கடுகு வெடிக்காமல் வாசல்படியில் உட்கார்ந்திருந்தது.

அவருக்கு உடன்பிறந்தவள் ஒரே ஒரு தங்கை. ஒன்பதாவது தீவில் வாழ்க்கைப்பட்டவள். எழுபது வீடுகள் உள்ள அந்தக் கடைசித் தீவில், தண்ணீர்த் தொட்டியின் சாவி அவளிடம். வீட்டுக்கு எத்தனை குடம் என்று அவள்தான் அளந்து விடுவாள். அண்ணனுக்கு இருந்த வாய் தங்கைக்கும் இருந்தது. சாவியைப் பிடுங்க வந்தவர்கள் திரும்பிப் போனதாகத்தான் சரித்திரம். அண்ணன் கோபத்தைப் பற்றி யாராவது குறையாகச் சொன்னால் அவளுக்குப் பொறுக்காது. எங்கண்ணன் நியாயத்துக்குத்தான் கோபப்படும் என்பாள். அதற்கு ஒரு கதையும் வைத்திருந்தாள்.

கதையின் நாயகர் மாப்பிள்ளை. அதாவது கப்பல் முதலாளியின் மருமகன். அலுவலகத்தை அவரிடம் ஒப்படைத்து ஏழு வருடம் ஆகிவிட்டது, இன்னமும் கேப்டன் முதல் கூட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். சட்டை கசங்காத மனிதர். வந்த புதிதில், கிடங்கில் இடம் வீணாகிறது என்று சொல்லி, மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் பீப்பாய்களை ஏற்ற வைத்தார். கடுகு வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டார். கேட்கவில்லை. ஒரு பீப்பாய் கசிந்தது. நாலாவது தீவில் ஒரு மாதம் முழுக்க ரொட்டியை வாயில் வைத்தால் விளக்குத் திரி மணந்தது. கப்பல் திரும்பியதும் கடுகு அந்த மாவில் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு நேராக முதலாளி அறைக்குப் போனார். மேசை மேல் கொட்டினார். மோந்து பாருங்கள் என்றார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற குமாஸ்தாக்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கால் மணி நேரம் கத்தினார். முதலாளி வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு, இனி கிடங்கு விஷயத்தில் அவர் சொல்வதுதான் என்று மருமகனிடம் சொல்லிவிட்டார். இந்தக் கதையைத் தங்கை ஒன்பதாவது தீவில் சொல்லாத வீடு கிடையாது.

அன்றிலிருந்து கடுகுக்கும் மாப்பிள்ளைக்கும் ஏட்டிக்குப் போட்டி. உண்மையைச் சொன்னால் ஏட்டி, போட்டி இரண்டுமே கடுகுதான். மாப்பிள்ளை அந்த அவமானத்தை விழுங்கிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வேலையும் கற்றுக்கொண்டுவிட்டார். மனுஷன் மரியாதையாகப் பேசக்கூட ஆரம்பித்தார். அதுதான் கடுகுக்கு இன்னும் எரிச்சல். ஏனென்றால் அந்த மரியாதையில் ஒரு வார்த்தை இருந்தது. பெரியவரே. கடுகுக்கு ஐம்பத்திரண்டு வயது. தலைக்கு மை போடுகிறவர். மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஏணியில் ஏறுகிறவர். அவரைப் பார்த்து வழியில் போகிற கிழவனைக் கூப்பிடுகிற மாதிரி, பெரியவரே.

அந்த வருடம் ஒன்பதாவது தீவில் மழை ஏமாற்றிவிட்டது. கிணறுகள் உப்பாயின. கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் இயந்திரம் ஒன்று அங்கே இருந்தது. அதன் பம்ப் உடைந்துபோனது. தொட்டியில் இருந்ததைத் தங்கை வீட்டுக்கு இரண்டு குடமாக அளந்தாள், பிறகு ஒரு குடம், பிறகு அரைக் குடம். ஊர் அவளைத் திட்டியது. பெற்ற பிள்ளைக்குக்கூட ஒரு டம்ளர் கூட்டிக் கொடுக்காமல் அவள் அந்தச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். புதுப் பம்ப் வருகிறது, அண்ணன் கப்பலில் வருகிறது என்று ரேடியோவில் செய்தி போன பிறகுதான் ஊர் வாய் கொஞ்சம் அடங்கியது.

பம்ப் ஒரு மரப்பெட்டியில் வந்தது. இரண்டு பேர் தூக்கலாம். சரக்கு ஏற்றுகிற முதல் நாள் காலையில், கிடங்கு காலியாகத் திறந்து கிடக்கும்போது லாரியிலிருந்து இறங்கியது. மாப்பிள்ளை தானே வந்து நின்றார். துறையில் நாற்பது கூலியாட்கள். எல்லோர் எதிரிலும் கையைத் தட்டி, பெட்டியைக் காட்டினார்.

"பெரியவரே, இதைக் கைக்கு எட்டுற இடத்துல வைங்க. மறந்துடாதீங்க."

பின்னால் யாரோ ஒருவன் சிரித்தான். பெரியவரே என்பதற்குச் சிரித்தானா, மறந்துவிடாதீர்கள் என்பதற்குச் சிரித்தானா, இல்லை அவன் வீட்டு விஷயம் எதற்காவது சிரித்தானா, தெரியாது. கடுகுக்குக் காது வரை சூடேறியது. இருபத்தெட்டு வருடம். ஒரு சாக்பீஸ் பெட்டி தவறியது கிடையாது. எனக்கு மறதியாம். எனக்கு இடம் சொல்லித் தருகிறானாம், மாவில் மண்ணெண்ணெய் ஊற்றினவன்.

வழக்கமாக இந்த இடத்தில் வெடித்திருக்க வேண்டும். வெடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அன்றைக்கு அவர், சரி என்று மட்டும் சொன்னார். மனைவி பக்கத்தில் இருந்திருந்தால் அந்தச் சரியைக் கேட்டதும் பயந்திருப்பாள்.

கடைசித் தீவின் சரக்கு முதலில், அடியில். அதுதானே சட்டம்? அவரே போட்ட சட்டம். கேப்டன் அறையில் வைத்திருக்கலாம், கயிறு வைக்கும் அறையில் வைத்திருக்கலாம், சமையல்காரரின் கட்டிலுக்கு அடியில்கூடத் தள்ளியிருக்கலாம். அவர் பெட்டியைப் பின் கிடங்கின் இடது மூலைக்கு இறக்கினார். பாரம் நசுக்காதபடி இரண்டு பக்கமும் மரக்கட்டை கொடுத்து, மேலே பலகை போட்டு, அதன் மேல் எட்டாவது தீவின் சிமென்ட்டையும் ஏழாவது தீவின் அரிசியையும் ஏற்றினார். மேலே மேலே அறுநூறு மூட்டை. பெட்டிக்கு ஒரு கீறல் விழாது. தப்பைக்கூட அவ்வளவு சுத்தமாகச் செய்கிற மனுஷன். ஒன்பதாவது தீவுக்குப் போகும்போது மேலே ஒன்றும் இருக்காது, கையை நீட்டி எடுக்கலாம், கைக்கு எட்டுகிற இடம்தான் என்று தனக்குத் தானே ஒரு வக்கீலாகவும் வாதாடிக்கொண்டார். தங்கை முகம் ஒரு தடவை நினைவில் வந்தது. வழக்கமான வரிசைப்படி பதினாறாம் நாள் அவளிடம் போகத்தானே போகிறது, எங்கே இருந்தால் என்ன என்று அதையும் தள்ளிவிட்டார்.

கப்பல் கிளம்பி மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். கேப்டன் மேல் தளத்திலிருந்து இறங்கி வந்தார். ரேடியோவில் மாப்பிள்ளை பேசினாராம். ஒன்பதாவது தீவில் தண்ணீர் பதினாறு நாளுக்குத் தாங்காதாம், நாலு நாள் தாங்கினாலே பெரிதாம். அதனால் வரிசையை மாற்றச் சொல்லிவிட்டார். முதலில் நேராக ஒன்பதாவது தீவு. பெட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து மற்ற தீவுகளை வழக்கம்போலப் பார்க்கலாம். எரிபொருள் கூடச் செலவானாலும் பரவாயில்லையாம்.

மாப்பிள்ளை செய்தது சரி. ஏழு வருடத்தில் அந்த மனுஷன் செய்த மிகச் சரியான காரியம் அதுதான். கடுகின் கண் பின் கிடங்கின் மூடிக்குப் போனது.

"பெட்டி கைக்கு எட்டுற இடத்துலதானப்பா இருக்கு?" என்று கேப்டன் கேட்டார். சந்தேகத்தில் கேட்கவில்லை. படி இறங்குகிறபோது பேச்சுக்குக் கேட்டது.

"இருக்கு" என்றார் கடுகு.

எனக்கு இந்த இடத்தில் அவரைப் பிடித்து நாலு அறை விடலாம் போலிருக்கிறது. துறைமுகம் மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கிறது. திரும்பினால் மூட்டை தூக்கும் வின்ச் இருக்கிறது, நாற்பது ஆட்கள் இருக்கிறார்கள், நாலு மணி நேரத்தில் கிடங்கைப் பிரித்துப் பெட்டியை எடுத்துவிடலாம். அரை நாள் போகும். அரை நாளோடு போகும். சர்க்கரைக்கும் கயிற்றுக்கும் கத்துகிற வாய், உலகத்தில் ஒருமுறை கத்த வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளை முன்னால் போய், நீங்கள் சொன்னது சரி, நான் செய்தது தப்பு என்று நிற்க வேண்டுமே. நாற்பது பேர் பார்ப்பார்களே. அதை நினைத்தபோது அவருக்குத் தன் மேல் கோபம் வரவில்லை. அப்போதும் மாப்பிள்ளை மேல்தான் வந்தது. திடீர் திடீரென்று வரிசையை மாற்றுகிறானே, இவனையெல்லாம் யார் அலுவலகத்தில் உட்கார வைத்தது என்று முணுமுணுத்துக்கொண்டே பின் கிடங்குப் பக்கம் நடந்தார்.

கடலில் போகும்போது கிடங்கில் சரக்கை அசைக்கக் கூடாது. பத்து மூட்டை பக்கம் மாறினாலே கப்பல் சாய ஆரம்பிக்கும். இதைக் கப்பலில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். ஆள் இறங்குகிற சின்ன மூடியைத் திறந்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அவரே உள்ளே இறங்கினார். மூலையில் கிணறு தோண்டுகிற மாதிரி மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, தலைக்கு மேல் இருந்த ஓரடி இடைவெளியில் தள்ளினார். முழங்காலை மடக்கி உட்காரக்கூட இடமில்லை. உள்ளே சூடு, மாவுத் தூசி, கப்பல் உருளும்போது மூட்டைச் சுவர் முனகும். சாப்பாட்டுக்கு மட்டும் மேலே வந்தார். எங்கே போனாய் என்று கேட்ட சமையல்காரரிடம், எலி இருக்கிறது, பார்க்கிறேன் என்றார். தட்டைப் பார்த்துக் குறை சொல்லாமல் சாப்பிட்டதால் அவருக்கு உடம்பு சரியில்லை என்று சமையல்காரர் கப்பல் முழுக்கச் சொல்லிவிட்டார்.

மறுநாள் நடுப்பகல் வரை நூற்றுப் பத்து மூட்டை எடுத்திருந்தார். பெட்டிக்கு இன்னும் மூன்று ஆள் உயரம் தோண்ட வேண்டியிருந்தது. அப்போது ஒரு அலை பக்கவாட்டில் வந்து கப்பலைத் தூக்கிப் போட்டது. சுவர் சரிந்தது. அரிசி மூட்டைகள் மார்பு வரை அவரை அமுக்கிவிட்டன. கத்த மூச்சில்லை. ஒரு கை மட்டும் வெளியே இருந்தது; அந்தக் கையால் ஒரு மூட்டையின் தையலைப் பிய்த்து, அரிசியைக் கொட்டி இளக்கி, அந்த இடைவெளியில் உடம்பை இழுத்துக்கொண்டு மேலே வந்தார். தோண்டிய கிணறு மூடிக்கொண்டது. ஒரு நாள் வேலை, ஒரு நிமிடத்தில் போனது. மூடிக்குப் பக்கத்தில் இரும்புத் தளத்தில் மல்லாந்து கிடந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். இப்போதாவது கேப்டனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை வெயில் ஏறுகிற நேரத்தில் ஒன்பதாவது தீவு தெரிந்தது. அலை அதிகமில்லை. முதல் படகிலேயே தங்கை வந்தாள். கயிற்று ஏணியில் ஏறி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தளத்தில் கால் வைத்தபோது அவள் முகத்தில் அவர் பல மாதமாகப் பார்க்காத சிரிப்பு இருந்தது. உதடெல்லாம் வெடித்திருந்தது, அதோடு சிரித்தாள்.

"பெட்டி எங்கே அண்ணே? உன் மச்சான் ஸ்பேனரோட மெஷின்கிட்டயே உட்கார்ந்திருக்காரு."

கேப்டனும் திரும்பிப் பார்த்தார். கப்பலில் இருந்த பதினோரு பேரும் பார்த்தார்கள். இனி ஒளிய இடமில்லை.

"அடியில இருக்கு" என்றார் கடுகு. "பின் கிடங்குல. இடது மூலை."

இருக்குன்னு சொன்னியே என்று கேப்டன் மெதுவாகக் கேட்டார். கடுகு அதற்குப் பதில் சொல்லாமல் தங்கையைப் பார்த்து அவசர அவசரமாகப் பேச ஆரம்பித்தார். மாப்பிள்ளை கடைசி நேரத்தில் வரிசையை மாற்றிவிட்டான், கப்பல் கிளம்பின பிறகு சொன்னால் என்ன செய்வது, வரிசைப்படி வந்திருந்தால் மேலே இருந்திருக்கும், அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கிடங்கு என்றால் என்ன தெரியும் என்று வந்ததையெல்லாம் கொட்டினார். குரல் ஏறிக்கொண்டே போனது. அந்தக் குரலில்தான் அவருக்கு வழி தெரியும்.

தங்கையின் சிரிப்பு முகத்திலிருந்து இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"அவரு என்கிட்ட ரேடியோவுல பேசினாரு அண்ணே. பெட்டியைக் கைக்கு எட்டுற இடத்துல வைக்கச் சொல்லியிருக்கேன், கவலைப்படாதீங்கன்னு சொன்னாரு. எங்கண்ணனுக்கு நீங்க சொல்லணுமான்னு நான் சிரிச்சேன்."

அவள் ஓர் அடி முன்னால் வந்தாள்.

"சொன்னாரா, இல்லையா?"

"சொன்னான்."

அவள் தளத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்தாள். அங்கே தொட்டியைச் சுற்றிக் கூட்டம் நின்றது. குழந்தைகள் ஓடுவது தெரிந்தது.

"கப்பல் தெரிஞ்சதும் தொட்டியைத் திறந்து விட்டுட்டேன்" என்றாள். "இருந்ததையெல்லாம் எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டேன். இருபத்தஞ்சு நாளா அரைக் குடம் குடுத்திருக்கேன். புள்ளைங்க குளிக்கட்டும்னு சொல்லிட்டேன். எங்கண்ணன் வந்துட்டான்னு சொல்லிட்டேன்."

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம், ஆனால் அது வேகமாக நடக்கவில்லை. அந்தத் தீவைச் சுற்றி ஆழம் அதிகம், நங்கூரம் பிடிக்காது. கப்பல் மிதந்து விலகும், இஞ்சினைப் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆடுகிற கப்பலில் வின்ச்சைப் போட்டால் பத்து மூட்டை கட்டிய கயிறு ஆளை அடித்துக் கடலில் தள்ளிவிடும். கையால்தான் எடுக்க வேண்டும். கப்பல் ஆட்களும் படகில் வந்த ஊர்க்காரர்களும் வரிசையாக நின்று மூட்டைகளைக் கைமாற்றித் தளத்தில் அடுக்கினார்கள். கடுகு அடியில் நின்றார். விலா வலித்ததை யாரிடமும் சொல்லவில்லை. பிற்பகலில் காற்று எழுந்தது. அலை தளத்தில் ஏறியது. எழுபது மூட்டை மாவும் அரிசியும் நனைந்து கெட்டன, கிடங்கை மூட வேண்டியதாயிற்று. கப்பலில் குடிக்க வைத்திருந்த தண்ணீரில் இருபது கேன் கரைக்குப் போனது. எழுபது வீட்டுக்கு இருபது கேன். தொண்டை பொறுக்காமல் சில வீடுகளில் உப்புக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள். தங்கையின் ஐந்து வயது மகளும் குடித்தாள். சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு குழந்தைகள் வாந்தி எடுத்துக்கொண்டு நர்ஸ் அம்மாவின் ஒற்றை அறையில் பாயில் கிடந்தார்கள்.

மறுநாள் காற்று இறங்கியதும் திரும்பத் திறந்தார்கள். நடுப்பகலுக்குச் சற்று முன்னால் பலகை தெரிந்தது. அதன் கீழே பெட்டி, அவர் வைத்தபடியே, ஒரு கீறல் இல்லாமல். இரண்டு பேர் தூக்குவதை அவர் ஒருவரே தோளில் தூக்கிக்கொண்டு வந்து படகில் இறங்கினார். மச்சான் வாங்கிக்கொண்டு போய் மாட்டினார். மூன்று மணி நேரத்தில் இயந்திரம் ஓடியது, குழாயில் முதலில் துருவும் பிறகு தண்ணீரும் வந்தது. குழந்தைகள் பிழைத்துக்கொண்டார்கள். ஊர்க்காரர்களில் விஷயம் முழுதும் தெரியாதவர்கள் சிலர் கடுகின் கையைப் பிடித்துக் கும்பிட்டார்கள். அடியில் நின்று தோண்டி எடுத்த மனுஷன் என்று ஒருவர் புகழ்ந்தார். கடுகு அந்தக் கையை உதறினார். விடுய்யா, அங்கே வச்சதே நான்தான் என்று கத்தினார். அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை.

நர்ஸ் அம்மாவின் அறை வாசலில் தங்கை உட்கார்ந்திருந்தாள். மகள் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் போய் நின்றார். உட்காரச் சொல்லவில்லை. மன்னித்துக்கொள் என்ற மாதிரி ஏதோ ஆரம்பித்தார். அந்த வார்த்தை அவருக்குப் பழக்கமில்லாததால் சரியாக வரவில்லை.

"அடியில வச்சது கூடப் பரவாயில்ல அண்ணே" என்றாள் அவள், குழந்தை எழுந்துவிடாதபடி. "கோபத்துல செஞ்சுட்டே. அதுக்கப்புறம் மூணு நாளு இருந்துச்சே. எல்லாத்துக்கும் கத்துவியே. இதுக்கு ஏன் கத்தல?"

படகு கிளம்புகிறது என்று யாரோ வந்து கூப்பிட்ட பிறகு அவர் போனார்.

மற்ற எட்டுத் தீவுகளையும் முடித்துக்கொண்டு கப்பல் திரும்பியபோது, துறையில் மாப்பிள்ளை காத்திருந்தார். கேப்டன் நல்ல மனுஷர். அலை அதிகம், அதனால் தாமதம் என்று மட்டும் ரேடியோவில் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை கையை நீட்டினார், நீங்கள் இல்லாவிட்டால் அந்தத் தீவு என்ன ஆகியிருக்கும் பெரியவரே என்றார். கடுகு அவரை அலுவலகத்துக்குள் கூட்டிக்கொண்டு போய், கதவைச் சாத்தி, நடந்ததை முதலிலிருந்து சொன்னார். கத்தாமல் சொன்னார். திட்டு விழும், வேலை போகும் என்று எதிர்பார்த்தார். அப்படி நடந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்கலாம் என்றுகூட உள்ளே ஒரு மூலையில் தயாராக இருந்தார்.

மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏன்? நான் என்ன தப்பாச் சொன்னேன்?"

உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். கடுகு வாயைத் திறந்தார். நாற்பது பேர் முன்னால் என்னைப் பெரியவரே என்று கூப்பிட்டாயே என்று சொல்ல வேண்டும். யாரோ ஒருவன் சிரித்தான் என்று சொல்ல வேண்டும். எழுபது வீட்டுத் தண்ணீருக்கும், பாயில் கிடந்த பன்னிரண்டு குழந்தைகளுக்கும் எதிரில் அதை எடுத்து வைக்க வேண்டும். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். துறை முழுக்க நடந்து போனார். திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை.

வேலை போகவில்லை. அந்தக் கிடங்குகளை அடுக்க வேறு ஆள் இல்லை என்பது மாப்பிள்ளைக்கும் தெரியும். கடுகு இன்னமும் அடுக்குகிறார். இன்னமும் ஈரக் கயிற்றுக்கும் கொக்கிக்கும் வெடிக்கிறார். புதிதாக வந்தவர்கள் இன்னமும் ஒதுங்கிப் போகிறார்கள்.

ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கிறது. இப்போதெல்லாம் கப்பல் கிளம்பிய அன்று மத்தியானம் ஒன்பதாவது தீவிலிருந்து ரேடியோவில் கூப்பிடுவார்கள். முன்பு அப்படிக் கூப்பிட்டது கிடையாது. சரக்கை அனுப்பினால் அண்ணன் கொண்டுவந்து சேர்த்துவிடும் என்று தங்கை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போது கூப்பிடுகிறாள். அண்ணனிடம் பேச வேண்டும் என்று கேட்பதில்லை, சௌக்கியமா என்று விசாரிப்பதில்லை. கேப்டனிடம்தான் பேசுவாள். எங்கள் சாமான் ஒவ்வொன்றும் எந்த இடத்தில் இருக்கிறது என்று அடுக்கினவரைக் கேட்டுச் சொல்லுங்கள் என்பாள். அண்ணன் என்று சொல்லமாட்டாள். கேப்டன் ஒலிவாங்கியைக் கையில் பிடித்தபடி கீழே பார்ப்பார். கப்பலில் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வேறெங்கோ பார்ப்பார்கள்.

கடுகு மேலே ஏறிப் போவார். கேப்டன் பக்கத்தில் நின்று, ஒலிவாங்கிக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும் குரலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்வார். மருந்துப் பெட்டி, கேப்டன் அறை. பம்ப்புக்கு வடிகட்டி, கேப்டன் அறை. அரிசி நாற்பது மூட்டை, பின் கிடங்கு, அடி அடுக்கு. சொல்லி முடித்ததும் அந்தப் பக்கத்திலிருந்து, எழுதிக்கிட்டேன் என்று ஒரு வார்த்தை வரும், ரேடியோ அணைந்துவிடும்.